பூச்சிமருந்துக்கு ஒரு பூட்டு!

உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா?

"என்ன டாக்டர், எங்களைப் பார்த்தா துப்பாக்கி வச்சிருக்கிற ஆளுங்க மாதிரியா தெரியுது?" என்று நீங்கள் சிரிப்பது கேட்கிறது. நியாயம்தான். நம் பெரம்பலூர், அரியலூர் பக்கம் உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அபூர்வம். ஆசைப்பட்டாலும் சும்மா கிடைத்துவிடாது. மனுப் போட வேண்டும். போலீஸ் விசாரணை நடக்கும். 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, பத்திரமாக வைத்துக் காப்பேன் என்று உறுதிமொழியும் எழுதித் தர வேண்டும்.

அமெரிக்காவில் கதையே வேறு. அங்கே வீட்டுக்கு வீடு துப்பாக்கி சகஜம். அதனால் குழந்தை மருத்துவர்கள் தடுப்பூசி பற்றி விசாரிப்பது போலவே பெற்றோரிடம் இதையும் விசாரிக்கிறார்கள். 'வீட்டில் துப்பாக்கி உண்டா? பூட்டிய பெட்டியில் இருக்கிறதா? தோட்டா தனியாக இருக்கிறதா? சாவி யாரிடம்?' நான்கே கேள்விகள்தான்.

இந்த நான்கு கேள்விகளையும் நான் உங்களிடம் கேட்கப் போகிறேன். துப்பாக்கிக்குப் பதிலாக ஒரே ஒரு வார்த்தையை மாற்றிக்கொள்ளுங்கள்: பூச்சிமருந்து.

ஆமாம், நம் ஊரின் துப்பாக்கி அந்தப் பாட்டில்தான். அதற்கு உரிமமும் இல்லை, உறுதிமொழியும் இல்லை. உரக்கடையில் வாங்கி, பையில் போட்டு, பைக்கில் மாட்டிக்கொண்டு வந்துவிடலாம்.

'மருந்து' என்று ஒரு பெயர்!

பெரம்பலூர் மாவட்டம் பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் சின்ன வெங்காயத்துக்கும் பேர் போனது. அரியலூர் பக்கம் முந்திரி, கரும்பு, நெல், பருத்தி. பருத்தி என்றாலே பூச்சி. பூச்சி என்றாலே தெளிப்பான். போதாக்குறைக்கு 2018-ல் அமெரிக்கப் படைப்புழு வந்து மக்காச்சோளத்தைச் சூறையாடியது. அதுவரை மக்காச்சோளத்துக்கு அதிகம் தெளிக்காதவர்கள்கூட பாட்டில் வாங்க ஆரம்பித்தார்கள்.

இதைச் சொல்லும்போது ஒரு வைத்தியனாக எனக்கு உறுத்துகிற விஷயம் ஒன்று உண்டு. கொல்லும் பொருளுக்கு நாம் வைத்திருக்கும் பெயரைப் பாருங்கள்... 'மருந்து'! "காட்டுக்கு மருந்தடிக்கப் போயிருக்காரு", "மருந்து கலந்து வை", "மருந்துப் பாட்டிலை எடு" என்றெல்லாம் பேசுகிறோம். வீட்டில் இருக்கும் மூன்று வயதுக் குழந்தைக்கும் மருந்து தெரியும். காய்ச்சல் வந்தால் மூடியில் ஊற்றி அம்மா கொடுப்பாளே, அதுதான் மருந்து! இந்த ஒரு வார்த்தையே நம் பயத்தைப் பாதி போக்கிவிட்டது. பயம் போனதால் ஜாக்கிரதையும் போய்விட்டது.

அந்தப் பாட்டில் வீட்டில் எங்கெங்கே இருக்கிறது? தூலத்தின் இடுக்கில், குளியலறை ஜன்னலில், மாட்டுக் கொட்டகைக் கூரையில் செருகி, நெல் மூட்டைக்குப் பின்னால், மாடிப்படிக்கு அடியில். மிச்சம் இருந்த கால் லிட்டரைக் கூல்டிரிங்க் பாட்டிலில் ஊற்றி வைப்பவர்களும் உண்டு. இதைவிடக் கொடுமை வேறில்லை.

"நாங்க டவுன்ல இருக்கோம். எனக்கு ஆபீஸ் வேலை. எங்களுக்கு எதுக்கு இதெல்லாம்?" என்கிறீர்களா? பெரம்பலூரில் வேலை, வேப்பூரில் நிலம். அரியலூரில் வீடு, செந்துறையில் முந்திரித் தோப்பு. இப்படித்தானே நம்மில் பாதிப்பேர்? சனிக்கிழமை வாங்கிய பாட்டில், ஞாயிறு காட்டுக்குப் போகும்வரை எங்கே இருக்கும்? உங்கள் சமையலறைத் திண்ணைக்கு அடியில்தானே! நிலமே இல்லாதவர் வீட்டிலும் எலி மருந்து, கரப்பான் மருந்து, கழிவறை ஆசிட், மண்ணெண்ணெய் உண்டு.

வைத்தியனின் விஷ அலமாரி

சித்த மருத்துவத்தில் நஞ்சு என்பது தனிப் பாடம். பாஷாணங்கள் 64 என்று சொல்லி, பிறவி 32, வைப்பு 32 என்று பிரித்திருக்கிறார்கள் நம் முன்னோர்கள். எட்டிக் கொட்டை, நாபி, சேராங்கொட்டை, தாளகம், வீரம்... எல்லாம் முறைப்படி சுத்தி செய்த பிறகே மருந்தாகும். சுத்தி செய்யாத சரக்கை மேஜை மேல் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறவன் வைத்தியனே இல்லை.

சட்டமும் அதைத்தான் சொல்கிறது. மருந்து மற்றும் அழகுசாதனப் பொருள் விதிகளில் ஆயுர்வேத, சித்த, யுனானி நச்சுச் சரக்குகளுக்கென்றே ஒரு தனி அட்டவணை இருக்கிறது. அவை சேர்ந்த உள்மருந்துகளின் லேபிளில், மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே சாப்பிட வேண்டும் என்ற எச்சரிக்கை கட்டாயம்.

நஞ்சுச் சரக்குக்குத் தனி அலமாரி, தனிப் பூட்டு, தனிக் கணக்கு என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவானது, எவ்வளவு மிச்சம் என்று மூன்றும் ஏட்டில் இருக்கும். வைத்தியனுக்கு இத்தனை கட்டுப்பாடு என்றால், குழந்தை குட்டி ஓடியாடும் வீட்டில் எவ்வளவு வேண்டும்!

பெட்டி எப்படி இருக்க வேண்டும்?

விலை உயர்ந்த இரும்பு லாக்கர் எல்லாம் வேண்டியதில்லை. பக்கத்து வெல்டிங் பட்டறையில் சொன்னாலே செய்து தருவார்கள். வீட்டில் பழைய டிரங்குப் பெட்டி இருந்தால் அதுவும் போதும். கவனிக்க வேண்டியவை இவை:

* தகடு: இரும்போ, கனமான பிளாஸ்டிக்கோ இருக்கட்டும். மரப்பெட்டி வேண்டாம். சிந்தினால் மரம் விஷத்தைக் குடித்துக்கொள்ளும், எத்தனை கழுவினாலும் போகாது.

* கீலும் கொண்டியும்: வெளியே தெரியும் கீலில் சாதாரண ஸ்க்ரூ இருந்தால், பூட்டு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பிரயோஜனமில்லை. ஸ்க்ரூ டிரைவர் வைத்துக் கழற்றிவிடலாம். கீலையும் கொண்டியையும் வெல்டிங் வைத்துவிடச் சொல்லுங்கள்.

* நகராமை: தூக்கிக்கொண்டு போக முடிகிற பெட்டி பெட்டியே அல்ல. சுவரிலோ தரையிலோ போல்ட் போட்டு இறுக்குங்கள்.

* அடித்தட்டு: உள்ளே ஒரு பிளாஸ்டிக் தட்டு வைத்து அதன் மேல் பாட்டில்களை நிறுத்துங்கள். ஒழுகினால் தெரியும். தூள் பாக்கெட்டுகள் மேலே, திரவப் பாட்டில்கள் கீழே.

* இடம்: சமையலறை, படுக்கையறை, தானியம் வைக்கும் அறை, மாட்டுத்தீவனம் வைக்கும் இடம்... இந்த நான்கும் கூடவே கூடாது. வெயில் படாத, காற்றோட்டமான, மழைநீர் ஏறாத வெளிப்புற இடம்தான் சரி. மோட்டார் கொட்டகை நல்ல இடம்தான். ஆனால் பிள்ளைகள் பம்புசெட்டில் குளிக்க வருவார்கள், அங்கேயே தண்ணீரும் குடிப்பார்கள் என்பதை மறக்காதீர்கள். கொட்டகைக்கு ஒரு பூட்டு, பெட்டிக்கு ஒரு பூட்டு.

* உள்ளே என்ன? பூச்சிமருந்து, களைக்கொல்லி, எலி மருந்து, கலக்கும் குச்சி, அளக்கும் மூடி... அத்தனையும். மூடியைச் சமையலறையில் போட்டுவிட்டு பாட்டிலை மட்டும் பூட்டுவதில் அர்த்தமில்லை.

பாட்டிலை வாங்கி வந்த அதே பாட்டிலாகவே வையுங்கள். லேபிளைக் கிழிக்காதீர்கள். லேபிளில் சாய்சதுரத்துக்குள் ஒரு வண்ண முக்கோணம் இருக்கிறதே, அதுதான் அதன் ஜாதகம். சிவப்பு என்றால் மிகக் கடுமையான விஷம். மஞ்சள் என்றால் அதற்கு அடுத்தபடி. பிறகு நீலம், கடைசியில் பச்சை. பச்சை என்றால் குடிக்கலாம் என்று அர்த்தமில்லை. நச்சு குறைவு, அவ்வளவுதான். மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாக, ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால் டாக்டருக்கு வழிகாட்டப் போவது இந்த லேபிள்தான்.

காலி டப்பாவைக் கழுவி எண்ணெய் ஊற்றி வைக்கும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. வேண்டாம் தாய்மார்களே! மறுபடி யாரும் உபயோகிக்க முடியாதபடி உடைத்து, வீடும் கிணறும் குளமும் இல்லாத இடத்தில் ஆழமாகப் புதைத்துவிட வேண்டும்.

இரண்டு ஊர்கள் சொன்ன பாடம்

சரி, பெட்டி வாங்கியாகிவிட்டது. பிரச்னை தீர்ந்ததா? இங்கேதான் நான் உங்களை ஏமாற்றக் கூடாது.

இலங்கையின் வட மத்திய மாகாணத்தில் 180 கிராமங்களை எடுத்துக்கொண்டு ஒரு பெரிய சோதனை நடந்தது. பாதிக் கிராமங்களில் விவசாயக் குடும்பங்களுக்குப் பூட்டு போட்ட பெட்டி கொடுத்தார்கள். மீதிக் கிராமங்களுக்குக் கொடுக்கவில்லை. வருடக்கணக்கில் கவனித்து 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். பூச்சிமருந்து குடித்து உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர்கள் எண்ணிக்கையில், பெட்டி கொடுத்த கிராமங்களுக்கும் கொடுக்காத கிராமங்களுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை!

ஏன்? யோசித்துப் பாருங்கள். பெட்டி வீட்டிலேயே இருக்கிறது. சாவி எங்கே தொங்குகிறது என்று வீட்டில் உள்ள பெரியவர்கள் எல்லோருக்கும் தெரியும். குழந்தையைத் தடுக்கிற பூட்டு, சாவி தெரிந்த பெரியவரைத் தடுக்குமா?

இன்னொரு சோதனை நமக்குப் பக்கத்திலேயே, கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதியில் நடந்தது. தற்கொலைத் தடுப்புக்காகப் பல காலம் உழைத்துவரும் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அவருடைய குழுவினரும் பூ சாகுபடி நடக்கும் நான்கு கிராமங்களில் இதைச் செய்தார்கள். இரண்டு கிராமங்களில் ஊருக்குப் பொதுவாக ஒரு கட்டடம். அதில் வங்கி லாக்கர் மாதிரி விவசாயிகளுக்குத் தனித்தனிப் பெட்டி. தேவைப்படும்போது போய் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை அங்கேயே வைத்துவிட வேண்டும். மற்ற இரண்டு கிராமங்களும் வழக்கம் போல. 2013-ல் வெளியான முடிவு, சேமிப்புக் கட்டடம் இருந்த கிராமங்களில் பூச்சிமருந்தால் நேர்ந்த தற்கொலைகளும் முயற்சிகளும் நன்றாகக் குறைந்ததைக் காட்டியது. சின்ன ஆய்வுதான். ஆனால் அது காட்டும் வழி பெரியது.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். காப்பாற்றுவது பெட்டியின் கனம் இல்லை. பாட்டிலுக்கும் மனிதனுக்கும் நடுவே உள்ள தூரம்!

விஷத்தையே இல்லாமல் செய்தால்? அதற்கும் இலங்கையே சாட்சி. அதிக ஆபத்தான பூச்சிமருந்துகளை 1980-களில் தொடங்கிப் படிப்படியாக அங்கே தடை செய்தார்கள். 1995-ல் லட்சம் பேருக்கு 57 என்றிருந்த தற்கொலை எண்ணிக்கை, 2015-ல் 17 ஆகக் குறைந்தது. நம் நாட்டிலும் 2011-ல் எண்டோசல்பானை உச்ச நீதிமன்றம் தடை செய்தது. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட்டுக்குத் தமிழக அரசு தடை போட்டிருக்கிறது. பழைய டியூப் ஏதாவது வீட்டில் கிடக்கிறதா என்று இன்றே தேடுங்கள்.

ஆகவே முதல் விதி, பூட்டுவதற்கு முன்னால் குறையுங்கள். ஒரு தடவை தெளிக்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் வாங்குங்கள். "லிட்டரா வாங்கினா விலை கம்மி" என்று கடைக்காரர் சொல்வார். மிச்சம் நிற்கும் அரை லிட்டரின் விலை என்ன என்று அவருக்குத் தெரியாது. இரண்டாவது விதி, வாங்கியதை வீட்டுக்குக் கொண்டுவராமல் நேரே காட்டுக்குக் கொண்டு போங்கள். மூன்றாவதுதான் பெட்டி. உழவர் குழுவோ கூட்டுறவுச் சங்கமோ உள்ள ஊரில் பொதுவாக ஒரு பூட்டறை வைக்க முடியுமா என்று பேசிப் பாருங்கள்.

சாவி யார் கையில்?

கதவுக்குப் பின்னால் ஆணியில், சாமி படத்துக்குக் கீழே, அஞ்சறைப் பெட்டிக்குள்... இதெல்லாம் சாவி வைக்கும் இடமல்ல. ஊருக்கே தெரிந்த இடம். சாவி ஒருவர் உடம்போடு இருக்க வேண்டும்.

இன்னும் நல்லது, இரண்டு பூட்டு போட்டு இரண்டு பேரிடம் சாவி வைப்பது. ஒன்று வீட்டுக்காரரிடம், மற்றது அண்ணன் வீட்டிலோ, நம்பகமான பங்காளி வீட்டிலோ. "அவசரத்துக்கு மருந்தடிக்க முடியாதே?" என்பீர்கள். அந்தத் தாமதத்தைத்தான் நான் கேட்கிறேன்! காட்டுக்குத் தெளிக்கிறவருக்கு அரை மணி தாமதம் ஒரு நஷ்டமே இல்லை. மனசு உடைந்து நிற்கிறவருக்கு அந்த அரை மணி ஓர் ஆயுள்.

ஏனென்றால் உயிரை விடலாம் என்ற எண்ணம் பெரும்பாலும் அலை மாதிரி வருவது. ஆவேசமாக எழும், சில நிமிஷங்களில், சில மணி நேரத்தில் தணியும். பிழைத்து எழுந்தவர்களில் மிகப் பலர் "ஏதோ ஒரு வேகத்துல..." என்றுதான் சொல்கிறார்கள். அந்த வேகம் தணியும் வரை கைக்கெட்டும் தூரத்தில் விஷம் இருக்கக் கூடாது. வீட்டுக்குப் பூட்டு வேண்டும் என்று நான் மன்றாடுவது இதற்காகத்தான்.

வீட்டில் ஒருவருக்கு மனசு சரியில்லை என்று தெரிகிறதா? கடன் நெருக்குகிறது, பயிர் போய்விட்டது, பரீட்சையில் தோல்வி, கணவன் மனைவிக்குள் பெரிய சண்டை, குடி அதிகமாகிவிட்டது. இரவெல்லாம் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, "நான் இல்லாட்டி நீங்க நிம்மதியா இருப்பீங்க" என்ற மாதிரிப் பேச்சு. அப்போது பெட்டியைப் பூட்டிவிட்டேன் என்று இருக்காதீர்கள். பாட்டில்களையே வேறு வீட்டுக்குக் கொண்டு போய்விடுங்கள். சாவி வைத்திருப்பவரே அவராக இருந்தால், சாவி உடனே கை மாற வேண்டும். சண்டை போட்டு வாங்க வேண்டாம். "கொஞ்ச நாள் நான் பாத்துக்கிறேன், குடுங்க" என்று ஒரு வார்த்தை போதும்.

"சாகணும்னு தோணுதா?" என்று நேரடியாகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டியதாகிவிடுமோ என்று பயப்படுகிறார்கள். ஆகாது. கேட்கப்பட்டவருக்குப் பாரம் இறங்குகிறது என்பதுதான் உண்மை. கூடவே 14416 என்ற எண்ணுக்குப் பேசச் சொல்லுங்கள். மத்திய அரசின் 'டெலி மானஸ்' சேவை இது, 2022-ல் தொடங்கியது. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. தமிழக அரசின் 104-ம் இருக்கிறது.

விபரீதம் நடந்துவிட்டால்...

"உங்க சித்த வைத்தியத்துல விஷமுறிவு இருக்கே டாக்டர்?" என்று என்னிடம் பலர் கேட்பார்கள். தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பூச்சிமருந்து உள்ளே போனவருக்கு என் வாசலில் நிற்க நேரமில்லை. அவருக்கு ஊசியும் ஆக்சிஜனும் செயற்கைச் சுவாசமும் தேவைப்படலாம். 108-ஐக் கூப்பிட்டு, பெரம்பலூர் அரசுத் தலைமை மருத்துவமனைக்கோ, அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, பக்கத்தில் எதுவோ அங்கே உடனே போங்கள்.

* சாணிக் கரைசல், உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர், முட்டை, புளி... எதையும் வாயில் ஊற்றாதீர்கள். வாந்தி எடுக்க வைக்க விரலையும் விடாதீர்கள். வாந்தி நுரையீரலுக்குள் போனால் அதுவே ஆளை முடித்துவிடும்.

* ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். விஷம் பட்ட துணியைக் கழற்றி, உடம்பைச் சோப்புப் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். செய்பவர் கையில் பிளாஸ்டிக் பையாவது மாட்டிக்கொள்ள வேண்டும்.

* பாட்டிலையோ டப்பாவையோ லேபிளோடு கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

* எலி பேஸ்ட் சாப்பிட்டவர் முதல் நாள் நன்றாகவே பேசிக்கொண்டிருப்பார். "ஒண்ணும் ஆகல" என்று வீட்டிலேயே வைத்துக்கொண்டால், பின்னால் கல்லீரல் கெட்டுப் போகும். நன்றாக இருந்தாலும் ஆஸ்பத்திரிதான்.

* தெளித்துவிட்டு வந்தவருக்குத் தலைசுற்றல், வாந்தி, கண் மங்கல், எச்சில் ஊறல், மூச்சிரைப்பு இருந்தால் வெயில் என்று விட்டுவிடாதீர்கள். அதுவும் விஷம்தான். தோலிலும் மூச்சிலும் ஏறும்.

"போலீஸ் கேஸ் ஆயிடுமே" என்ற பயத்தில் நேரம் கடத்துகிற குடும்பங்கள் இருக்கின்றன. 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் பழைய 309-வது பிரிவே இல்லை. ஆகவே தயங்காமல் ஓடுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம்...

வீட்டைச் சுற்றி ஒரு ரவுண்டு வாருங்கள். தூலம், கொட்டகை, மாடிப்படி, குளியலறை ஜன்னல் எல்லாம் பாருங்கள். காலாவதியானது, லேபிள் இல்லாதது, வேறு பாட்டிலில் ஊற்றியது எல்லாவற்றையும் தனியே எடுத்து வைத்து, எப்படி அப்புறப்படுத்துவது என்று வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேளுங்கள். சாக்கடையிலோ வாய்க்காலிலோ கொட்டிவிடாதீர்கள். மிச்சம் இருப்பதை எண்ணி ஒரு நோட்டில் எழுதி, பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். தாத்தா பாட்டியின் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளையும், கர்ப்பிணிக்குக் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரைகளையும் குழந்தை கைக்கு எட்டாமல் வேறொரு அலமாரியில் பூட்டுங்கள். பூச்சிமருந்தோடு சேர்த்து வேண்டாம்.

கடைசியாக ஒன்று. இன்று முதல் வீட்டில் அதை 'மருந்து' என்று சொல்லாதீர்கள். 'விஷம்' என்றே சொல்லுங்கள். "விஷத்தை எங்க வச்சிருக்க?" என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். பூட்டைத் தேடி உங்கள் கால்கள் தானாக நடக்கும்!